வீட்டுக் கணக்கு



வங்கக் கடலின் நடுவேயுள்ள அந்தமானிலிருந்து பேசுகின்றோம். நாம் குடியிருக்கும் ஜங்லிகாட், போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி. 2024-ஆம் ஆண்டில் அந்நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினர். ஜங்லிகாட் என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'காட்டுத் துறை' என்றாகும். மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்டவர்க்கு எந்தப் பெயரையும் பெயர்த்துப் பாராமல் இருக்க இயலாது போலும்! இன்று இங்கே காடு இல்லை. துறை மட்டும் உண்டு. காலையில் மீன்பிடிப் படகுகள் வந்து அணையும்போது தமிழிலும் தெலுங்கிலும் வங்கமொழியிலும் இந்தியிலும் விலை பேசும் குரல்கள் எழுகின்றன. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

இத்தனைபேர் நம்மவர் இருந்தும், மைய அரசின் மொழிபெயர்ப்பாளராக மாற்றலாகி வந்த முதலாண்டில் நாம் இங்கே வாழவில்லை என்றே சொல்ல வேண்டும். காத்திருந்தோம். அடுத்த மாற்றல் உத்தரவு வரும், ஊர் திரும்புவோம், அதன்பின் வாழ்வோம் என்பது எண்ணம். சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் வந்த இரும்புப் பெட்டியைக் கட்டவிழ்க்கவும் இல்லை. நேயர்களுள் பலர் வீட்டிலும் இத்தகைய பெட்டி ஒன்று கட்டிலுக்கடியில் இருக்கக்கூடும்.

இத்தீவின் நாளோ நமக்காகக் காத்திருப்பதில்லை. கடிகாரம் சென்னைக் கடிகாரமேயாயினும், கதிரவன் சென்னையைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்தி எழுகின்றான். ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும், கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. பெய்வதில் பெரும்பகுதி சரிந்து கடலுக்கே போய்விடுகின்றது. நகரம் பெரிதும் தானிக்காரி நீர்த்தேக்கத்தையே நம்பியிருக்கின்றது. ஆகவே வறண்ட மாதங்களில் குழாயில் நாள்விட்டு நாள்தான், அதுவும் சிறிது நேரமே, தண்ணீர் வரும்.

முதற்கோடையில் நாம் வாங்கிய பெரிய டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்தோம். கால்பங்கு நிறையுமுன் குழாய் இருமி நின்றுவிட்டது. குடிக்கவும் அதுவே, குளிக்கவும் அதுவே. அடியாழத்திலிருந்து குனிந்து மொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டு மூதாட்டியார் பார்த்துக்கொண்டிருந்தார். இராமநாதபுரத்துப் பக்கம் பிறந்தவர். சாத்தாம் மர அறுவை ஆலையில் வேலைபார்த்த கணவரோடு இளவயதில் இங்கு வந்தவர்.

“சின்னதை முதல்ல வைங்க தம்பி. குடிக்கிற குடம், பிறகு சோத்துக்கு ஒரு குடம், பிறகு வாளி. டிரம்மு கடைசியிலே. நின்னு போனாலும் குடிக்கத் தண்ணி இருக்கும்ல?” என்றார்.

நாம் கலைப் பட்டதாரி. அவர் பள்ளிக்கூடத்து வாயிலை மிதியாதவர். அன்று காலை அலுவலகத்தில் நீர்ச் சிக்கனம் பற்றிய நான்கு பக்கச் சுற்றறிக்கையைத் தமிழாக்கியிருந்தோம். அதில் இந்த ஒரு வரி இல்லை.

மழைக்காலம் கழிந்து ஜனவரி வந்தது. ஒருநாள் அம்மையார் நம் வாயிலில் நின்று மூக்கைச் சுளித்தார். “உள்ளே ஏதோ பூத்திருக்கு. பெட்டியைத் திறந்து காத்தாட வச்சீங்களா தம்பி?” என்றார்.

“இல்லை அம்மா, ஊருக்குப் போய்த்தான் திறக்க வேண்டும்” என்றோம்.

“அதுவரைக்கும் ஈரம் பொறுக்குமா?” என்றவர், தாமே அமர்ந்து கயிற்றை அவிழ்த்தார்.

பெட்டிக்குள் நம் தந்தையாரின் கணக்கு நோட்டுகள் இருந்தன. கும்பகோணத்தில் மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதியவர் அவர்; இரவில் வீட்டுக் கணக்கையும் எழுதாமல் உறங்கமாட்டார். மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. ஓய்வுபெற்றபின் நிதானமாகப் படிக்கலாமென்று அந்நோட்டுகளைப் பத்திரப்படுத்தியிருந்தோம். பதினொன்றில் ஏழு, பச்சைப் பூஞ்சணம் ஏறி ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் தாள் மாவாக உதிர்ந்தது. எவர்மீது குறைசொல்வது? திறக்காதவர் நாமே.

எஞ்சிய நான்கையும் அம்மையார் சொற்படி நேர் வெயிலில் போடாது, நிழற்காற்றில் ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்தினோம். உலர்த்தும்போதுதான் படித்தோம். பால், தையற்கூலி, செருப்புத் தைத்தது, கடை டீ. நாள்தோறும் தவறாமல் 'கடை டீ'. நாம் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் ஒருநாள் 'பையனுக்கு அகராதி' என்று ஒரு பற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் அது. இன்றும் அலுவலக மேசையில் நம்மோடு இருப்பது. அடுத்த நாள் கணக்கில் டீ இல்லை. மறுநாளும் இல்லை. இரண்டு மாதமும் பத்து நாளும் தள்ளித்தான் மறுபடி 'கடை டீ' வருகின்றது. அவர் அதனை எவரிடமும் சொன்னதில்லை. அழிந்த ஏழு நோட்டுகளில் என்ன இருந்ததென்று இனி அறிய வழியில்லை.

அவ்வாரம் ஆனந்தரங்கப் பிள்ளையை அடிக்கடி நினைத்துக்கொண்டோம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கியவர். துபாஷி என்றால் இருமொழியாளர், நம் தொழிலுக்கு மூத்தவர். 1736 முதல் தாம் இறந்த 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். காதாற் கேட்டது, கண்ணாற் கண்டது, கப்பல் வந்தது, போனது ஆகியவற்றை எழுதப்போவதாகச் சொல்லித்தான் தொடங்குகின்றார். போரும் அரசியலும் அதில் உண்டு. அவற்றுக்கிடையே பேரம், வழக்கு, வீட்டுச் சடங்கு, வம்பு ஆகியனவும் உண்டு. நமக்கு இவையே சுவை மிக்கவையாகத் தோன்றுவன. இந்த வரிகளுக்குப் பின்னாளில் மதிப்பு உண்டாகுமா என்று அவர் நிறுத்துப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. கப்பல் வந்தது, எழுதினார். 1846-இல்தான் அந்நாட்குறிப்பு கண்டெடுக்கப்பட்டது. நம் தந்தையாரின் நோட்டுக்கும் அதற்கும் ஒப்புமை சொல்வது மிகையே. ஆயினும் இரவில் விளக்கடியில் குனிந்த முதுகு இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெட்டியைக் காலிசெய்து கவிழ்த்துவிட்டோம். அதன்மேல் இப்போது குடங்கள் இருக்கின்றன. மாற்றல் உத்தரவு இன்னும் வரவில்லை, வந்தாலும் வரட்டும். துறைக்கடை மீன், கறிகாய், டீ என்று ஒரு நோட்டில் நாமும் எழுதிவருகின்றோம். முந்தாநாள் தண்ணீர் பிடித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதுகையில் அம்மையார் எட்டிப்பார்த்தார்.

“என்ன தம்பி, ஆபீஸ் வேலையா?”

“இல்லை அம்மா, வீட்டுக் கணக்கு.”

சற்று நேரம் தாளையே பார்த்திருந்தார். “எனக்கு எழுத வராது. என் பேருக்கும் ஒரு வரி போட்டுவையுங்க” என்றார்.

என்ன எழுதவேண்டுமென்று கேட்டோம். தம் வீட்டு வாயிலைத் திரும்பிப் பார்த்து, விரலை மடக்கி எண்ணினார்.

“ஆறு குடம், ரெண்டு வாளி. டிரம்மு பாதி.”

அப்படியே எழுதிக்கொண்டோம்.