பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்: பள்ளி வரலாறும் மக்கள் வழக்காறும்

பள்ளிகளின் உள்ளூர் வரலாற்றையும் அவற்றைச் சுற்றி வழங்கும் நாட்டார் வழக்காறுகளையும் ஒருசேர ஆராய இங்கே கூடியிருக்கிறோம். தலைமையுரையில் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது மரபு. அதைவிட, ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கருத்தை நிறுவ முயல்வது இன்றைக்குப் பயன் தரும் என்று கருதுகிறேன். ஒரு பள்ளியின் வரலாற்றை, அதை நடத்தியவர்கள் எழுதிவைத்த ஏடுகளைக் கொண்டு மட்டும் எழுத முடியாது. அதில் படித்தவர்களும் படிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்களும் வாய்மொழியாகக் காத்துவரும் செய்திகளும் அந்த ஏடுகளுக்கு நிகரான சான்றுகள். இரண்டையும் ஒரே கண்டிப்போடு சோதிக்க வேண்டும் என்பதே என் வாதம். எடுத்துக்கொள்ளும் இடம், அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்திலுள்ள பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பகுதி. அங்கே பொதுப்பள்ளிகளை நடத்துவதும் அதற்கு வரி விதித்து நிதி ஒதுக்குவதும் அதன் பொறுப்பு. இதன் தலைமையிடமான ஃபார்ம்வில் ஒரு சிற்றூர். அந்தச் சிற்றூரின் பள்ளியில் தொடங்கிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் என்பது அன்றைய விர்ஜீனியாவின் சட்டம். ஃபார்ம்வில்லில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939இல் ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி கட்டப்பட்டது. அந்தக் கவுண்டியில் வளர்ந்து, புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பிறகு டஸ்கிகீ கல்வி நிலையத்தின் தலைவரானவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 180 பேருக்கென எழுப்பிய கட்டடத்தில் 1950 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம், உணவுக்கூடம், அறிவியல் ஆய்வகம் எதுவும் கிடையாது. இடம் போதவில்லை என்று பெற்றோர் முறையிட்டதற்கு விடையாக, மரச்சட்டத்தின் மேல் தார்க்காகிதம் போர்த்திய தற்காலிகக் கொட்டகைகள் வளாகத்தில் எழுந்தன. கணக்கேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பள்ளியில் வகுப்பறைகள் கூடியிருப்பதாகத்தான் தோன்றும். மாணவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் கோழிக்கூண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வெக்கையில் வாட, எட்டி உட்கார்ந்தவர்கள் குளிருக்குக் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும்; குடையை விரித்துக்கொண்டு பாடம் எழுதியதைப் பழைய மாணவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். இந்த வசைப்பெயரும் இந்தக் குடைப் பேச்சும் நம் துறையின் வகைப்பாட்டில் பள்ளி வழக்காறுகள். ஆனால் அந்த வகுப்பறைகளின் தரம் பற்றி அவற்றைவிடத் துல்லியமான சான்று வேறு எது?

1951 ஏப்ரல் 23ஆம் நாள் நடந்தது இன்று அந்த ஊரின் பெருங்கதையாகிவிட்டது. தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது: உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் போலீசிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் பதறிப் புறப்படுகிறார். உடனே, அவர் கையொப்பம் போலவே ‘ஜே’ என்ற எழுத்திட்ட சீட்டுகள் வகுப்பு வகுப்பாகப் போகின்றன: எல்லோரும் அரங்கத்துக்கு வரவும். திரை விலகியதும் மேடையில் நிற்பவர் 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ். ஆசிரியர்களை வெளியே போகச் சொல்கிறார்; காலணியைக் கழற்றி ஓங்கித் தட்டினார் என்றும் கதையில் வரும். பள்ளியின் நிலையை எடுத்துச் சொல்கிறார். மாணவர் கூட்டம் வேலைநிறுத்தமாக வெளியேறுகிறது; இரண்டு வாரம் வகுப்பு நடக்கவில்லை. பொய்ச்செய்தி, போலிச் சீட்டு, பெரியவரைத் தந்திரத்தால் வென்ற சிறியவர் என்று கதைக்கூறுகளை நாட்டார் கதை படித்தவர் எவரும் வரிசையாக எண்ணிவிடலாம். எண்ணிவிட்டதாலேயே இது புனைவு என்று முடிவு கட்டுவதுதான் பிழை. பங்கேற்றவர்களைக் கண்டு கேட்டு எழுதிய பத்திரிகையாளர் பாப் ஸ்மித்தின் நூல் 1965இல் வெளிவந்தது. நினைவு ஆறிப்போவதற்கு முன் பதிவான அந்தச் சான்றில் கதையின் எலும்புக்கூடு உறுதியாக நிற்கிறது. நடந்ததையே மக்கள் நன்றாகச் சொல்லத் தெரிந்துகொண்டார்கள். நன்றாகச் சொல்லப்பட்டது என்பது பொய்க்கு அடையாளம் ஆகாது.

வழக்காறும் ஆவணமும் ஒன்றையொன்று எப்படித் திருத்துகின்றன என்பதையும் இந்த நிகழ்ச்சியிலேயே காணலாம். பிள்ளைகளால் இவ்வளவு திட்டமிட முடியாது, பின்னால் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று அன்று ஊர் அதிகாரத்தில் இருந்தவர்கள் ஐயுற்றார்கள். தலைமையாசிரியரின் பணி ஒப்பந்தம் அந்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. மாணவர்களின் வாய்மொழியோ, ஒரு சிறு குழு மாதக்கணக்கில் பெற்றோருக்கும் தெரியாமல் கூடிப் பேசித் திட்டமிட்டதைக் காட்டுகிறது. இங்கே வழக்காறு அதிகாரத்தின் கதையைத் திருத்துகிறது. மறுபுறம், மாணவர்கள் இனப்பிரிவினையை ஒழிக்கவே அன்று வெளியேறினார்கள் என்று இன்று சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. கிடைக்கும் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம், வெள்ளையர் பள்ளிக்கு நிகரான வசதி. கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும்தான், பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்கை எடுக்கிறோம் என்றார்கள். போதகர் பிரான்சிஸ் கிரிஃபின் துணை நிற்க, பெற்றோர் இசைந்தார்கள். மே 23இல் வழக்குப் பதிவாயிற்று. வாதிகளாக 117 மாணவர்கள். இங்கே ஆவணம் வழக்காற்றைத் திருத்துகிறது. திருத்திய பிறகு கதை சிறுத்துப்போகவில்லை. ஒழுகாத கூரை கேட்டுப் புறப்பட்டவர்கள், கேட்டதைவிடப் பெரிய ஒன்றுக்குத் துணிந்தார்கள் என்ற உண்மை அதற்கு இன்னும் ஆழம் தருகிறது. 1954இல் உச்ச நீதிமன்றம், பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பில் ஒன்றாகச் சேர்த்து முடிவு செய்த ஐந்து வழக்குகளில், மாணவர் போராட்டத்தில் பிறந்தது இது ஒன்றே.

என் வாதத்தின் மையச் சான்று இதற்குப் பிறகு வருகிறது. தீர்ப்பை ஏற்று இரு இனப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைப்பதற்குப் பதிலாக, 1959இல் கவுண்டி ஆட்சிக்குழு பொதுப்பள்ளிகளுக்கு நிதி ஒதுக்க மறுத்தது. கவுண்டியின் பொதுப்பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. 1964 வரை மூடியே கிடந்தன. வெள்ளைப் பிள்ளைகளுக்காகப் பிரின்ஸ் எட்வர்டு அகாடமி என்ற தனியார் பள்ளி உடனே தொடங்கப்பட்டது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாமல் போயிற்று. உறவினர் வீடுகளுக்கு வேற்றூர் போனவர்கள் உண்டு. வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குச் சிலர் அனுப்பப்பட்டார்கள். குவேக்கர் கிறித்தவர்களின் அமைப்பு சிலருக்கு வேறு மாநிலக் குடும்பங்களில் இடம் தேடித்தந்தது. தேவாலயக் கீழ்த்தளங்களில் பெண்கள் எழுத்தறிவித்தார்கள். பலர் வயலுக்குப் போனார்கள். 1963இல் நன்கொடையைக் கொண்டு ‘கட்டணமில்லாப் பள்ளிகள்’ ஓராண்டு நடந்தன. 1964 மே 25இல், பள்ளி மூடலை எதிர்த்த கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுப்பள்ளிகளைத் திறக்க வழி செய்தது. பள்ளி வரலாறு எழுதப் புகும் ஆய்வாளர் முதலில் தேடுவது சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல். மூடிய பள்ளிக்கு இவை ஒன்றும் இல்லை. பள்ளி நிர்வாகத்தின் ஏட்டில் அந்த ஆண்டுகள் வெற்றிடம். அந்தப் பிள்ளைகளோ ஒவ்வொரு நாளும் எங்கோ, எதையோ செய்து வாழ்ந்தார்கள். யார் எந்த உறவினர் வீட்டில் தங்கினார், உடன்பிறந்தவர்களில் யாரை அனுப்பி யாரை நிறுத்தினார்கள், பள்ளி திறந்தபோது வயது கடந்துவிட்டதென்று யார் திரும்பவே இல்லை என்பவற்றைக் குடும்பத்தின் வாய்மொழி மட்டுமே வைத்திருக்கிறது. ஏட்டை மட்டும் நம்பும் வரலாறு, அந்தப் பிள்ளைகளை இரண்டாம் முறையும் பள்ளிக்கு வெளியே நிறுத்திவிடும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: நினைவு பிசகும், ஆண்டுகள் செல்லச்செல்ல, பிறர் சொல்லக் கேட்டதும் நூலில் படித்ததும் தன் அனுபவம்போல் ஒட்டிக்கொள்ளும். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏடும் நடுநிலையில் பிறப்பதில்லை. 1950இல் விர்ஜீனியா சட்டமன்றமே வரலாற்றுப் பாடநூல் ஆணையம் அமைத்தது. அதன்வழி வந்த பாடநூல்கள், அடிமைகள் எசமானர்களின் கீழ் மகிழ்ச்சியாக வாழ்ந்ததாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. அச்சும் முத்திரையும் அந்தப் பொய்யைத் தடுக்கவில்லை. ஆகவே சோதனை இரண்டுக்கும் உண்டு. யார் சொன்னார், எப்போது, யாரிடம், எந்தச் சூழலில், திரிபு வடிவங்கள் எத்தனை, எல்லா வடிவங்களிலும் மாறாதது எது என்று வாய்மொழியைக் கேட்கிறோம். யார் எழுதினார், யாருக்காக, எதை எழுதாமல் விட்டார் என்று ஏட்டையும் அப்படியே கேட்க வேண்டும். நாளும் எண்ணிக்கையும் தேவைப்படும்போது பெரும்பாலும் ஏடு வெல்லும். பட்ட அனுபவமும் அதன் விளைவும் தேவைப்படும்போது வாய்மொழிதான் துணை.

இரண்டாவது மறுப்பு, பாதிக்கப்பட்டவர்களின் வழக்காறு ஒரு தரப்புக் கதையாகிவிடும் என்பது. விடை எளிது: மறுதரப்பின் வாய்மொழியையும் சேகரிக்க வேண்டும். அகாடமியைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பேத்தியான கிறிஸ்டன் கிரீன், தன் குடும்பத்தையும் ஊரையும் விசாரித்து எழுதிய நூல் 2015இல் வந்தது. வெள்ளைக் குடும்பங்களுக்குள் எது பேசப்பட்டது, எது பேசப்படாமல் விடப்பட்டது என்பதற்கு அது சான்று. மௌனமும் ஒரு வழக்காறு. அதற்கும் மரபு உண்டு, காவலர் உண்டு. மூன்றாவது மறுப்பு, கதை நினைவுச்சின்னம் ஆனதும் ஒரு நாயகியோடு நின்றுவிடும் என்பது. இந்த அச்சம் மெய்யானதே. பழைய மோட்டன் பள்ளிக் கட்டடத்தை மார்த்தா ஃபாரஸ்டர் பெயரிலுள்ள பெண்கள் மன்றம் போராடிக் காத்தது. 2001இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மேடையில் நின்ற பார்பராவின் பெயர் உலகுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் எழுத்தறிவித்த பெண்களின் பெயர்களை ஊருக்கு வெளியே அறிந்தவர் குறைவு. ஆனால் இந்தக் குறைக்கு மருந்து வழக்காற்றைக் கைவிடுவதன்று; இன்னும் பலரிடம் போய்க் கேட்பதுதான்.

ஒரு சிறு கவுண்டியை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்றும் கேட்கலாம். பள்ளி எங்கும் உள்ளூர் நிறுவனம்தான். அதன் வரி, நிலம், ஆசிரியர் நியமனம், யாரைச் சேர்ப்பது என்ற முடிவு எல்லாம் உள்ளூர் அதிகாரத்தைத் தொட்டே நடக்கின்றன. ஆகவே அதன் உண்மையும் உள்ளூரில்தான் கிடைக்கும். விர்ஜீனியா சட்டமன்றம் மூடப்பட்ட பள்ளிகளுக்காக 2003இல் வருத்தம் தெரிவித்தது. மறு ஆண்டு, படிப்பை இழந்தவர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. முதியவர்களான அந்தப் பிள்ளைகள் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்திராவிட்டால், ஏட்டில் வெற்றிடமாகக் கிடந்த ஆண்டுகளுக்கு யாரும் பொறுப்பேற்றிருக்க மாட்டார்கள்.

எனவே இக்கருத்தரங்கின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நீங்கள் எந்தப் பள்ளியை எடுத்தாலும் இரண்டு பட்டியல்களோடு தொடங்குங்கள்: சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளவர்கள் ஒரு பட்டியல், அதே ஊரில் அதே வயதில் இருந்தும் அதில் இல்லாதவர்கள் மற்றொன்று. முதல் பட்டியலை அலுவலகம் தரும். இரண்டாவதைத் தெருத்தெருவாகப் போய், வீட்டு வாசலில் உட்கார்ந்து, மூத்தவர்களிடம் கேட்டுத்தான் தொகுக்க முடியும். தகவலாளிகளின் இசைவோடு பதிவு செய்யுங்கள். தேதியையும் சூழலையும் குறியுங்கள். முரணான வடிவங்களை நீக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். தொகுத்ததை அந்த ஊருக்கே திருப்பிக் கொடுங்கள். சொல்லக்கூடியவர்கள் வயதாகி மறைந்துகொண்டிருப்பதால் இந்தப் பணியைத் தள்ளிப்போட இடமில்லை. ஏட்டையும் வாய்மொழியையும் அருகருகே வைத்துச் சோதிக்கும் துணிவு இந்த அவைக்கு உண்டு என்ற நம்பிக்கையோடு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.