மரவள்ளித் தோட்டமும் களையும்

(தூத்துக்குடி வட்டார உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முத்துக் குளித்துறை எனப் பெயர்பெற்ற இக்கரையில், கடல் அமைதியுற்ற பங்குனி, சித்திரைத் திங்களிலேயே முன்னோர் முத்தெடுக்க இறங்கினர். பருவம் தவறிய உழைப்பு பயன் தராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மரவள்ளித் தோட்டத்தில் களையெடுப்பதற்கும் அவ்விதியே பொருந்தும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்தது இக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உணவுக்காகவும், சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்காகவும் பயிராகிறது. நம் வட்டாரத்தில் நீர் தேங்காத செம்மண் நிலமுடையோர் இதனைப் பயிரிட எண்ணின், முதற்கண் களையைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

குச்சிகளை ஏறத்தாழ 3 அடி இடைவெளியில் நடுகிறோம். தொடக்கத்தில் செடி மெல்லவே வளரும். அதற்குள் இடைநிலத்தில் கோரையும் அருகும் சாரணையும் மண்டி, நாம் பாய்ச்சிய நீரையும் இட்ட எருவையும் உண்டுவிடுகின்றன. வேர்கள் கிழங்காகத் திரளத் தொடங்குவதும் அம்மாதங்களில்தான். அப்பொழுது இழந்ததைப் பின்னர் எத்தனை ஆள் வைத்துக் கொத்தினாலும் மீட்க இயலாது. முற்றிய தோட்டத்தில் ஆழக் கொத்தினால் கிழங்கே வெட்டுப்பட்டு அழுகும்.

ஆகவே, நட்ட 20 நாளில் முதற்களை எடுத்தல் வேண்டும். பின்னர் 3 மாதம் முடியும் வரை மாதம் ஒருமுறை களையெடுத்து மண் அணைத்தல் நன்று. இலைகள் கவிந்து நிழல் பரப்பியபின் பயிரே களையை அடக்கிவிடும்.

கோரையை மேலாக அறுத்தல் வீண். மண்ணுள் இருக்கும் அதன் கிழங்கு மீண்டும் முளைக்கும். கோடையிலேயே ஆழ உழுது, அக்கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் உலர்த்துங்கள். நன்கு மக்காத எருவோடு களைவிதையும் வயலுக்கு வரும், அதனை இடலாகாது. முதல் 60 நாளில் வெங்காயம், உளுந்து முதலியவற்றை ஊடுபயிராக விதைத்தால் வெற்றிடம் மூடப்படும். கைச்செலவுக்கும் வழி பிறக்கும்.

கூலிக்குப் பணமில்லை என்று முதற்களையைத் தள்ளிப்போடுவோர் நம்மில் பலர். பத்து மாதம் காத்திருந்து கிழங்கு சிறுத்தால், சிறு உழவனுக்கு ஓராண்டு உழைப்பும் வீணாகும், கடனே மிஞ்சும். அண்டை நிலத்தார் ஒருவர் தோட்டத்தில் மற்றவர் மாறி மாறி உழைத்தேனும் அம்மூன்று மாதங்களைக் காப்போமாக! களைகொத்தைக் காலத்தில் எடுப்பவர்க்கே கிழங்கு திரளும்.