இறுகிப்போன மோதிரம்

(நண்பர்கள் கூடுகையில் தூத்துக்குடியைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தவர்கள் "விளையாட்டு வீரர்" என்று அறிமுகப்படுத்தினார்கள். அது அவர்களுடைய அன்பு. நான் வங்கியில் காசாளர். நாற்பது வயது வரைக்கும் தெருமுனையில் பால் வாங்கவும் மோட்டார் சைக்கிளில் போனவன். "இப்படியே இருந்தால் சர்க்கரை நோய் வந்துவிடும்" என்று மருத்துவர் எச்சரித்த பிறகே நடக்கத் தொடங்கினேன். நடை ஓட்டமாயிற்று. ஓட்டத்தோடு சைக்கிளும் நீச்சலும் சேர்ந்தன. 2018-ஆம் ஆண்டு, என் 46-ஆவது வயதில், மலேசியாவிலுள்ள லங்காவித் தீவில் நடந்த சர்வதேச நெடுந்தூர டிரையத்லான் பந்தயத்தில் போய் நின்றேன். அங்கே எனக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்தப் பந்தயத்தில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியவுடன் 180 கிலோமீட்டர் சைக்கிள். அதை முடித்து இறங்கியவுடன் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். நம்முடைய கணக்கில் சொன்னால், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குச் சைக்கிளில் இரண்டு தடவை போய்வந்தாலும் இன்னும் 20 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்! யாவையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். முடிக்காதவர்களுக்குக் கணக்கில் இடமில்லை.

1978-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் இது தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இதைத் தொடங்கினார்கள். அன்று புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முதலாவது வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடங்கள் ஆயின. இன்று தொழில்முறை வீரர்கள் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் குளித்துச் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் வேளையில், என்னைப் போன்றவர்கள் பாதி வழியில்தான் இருப்போம். எங்களுக்குப் பரிசும் இல்லை, பணமும் இல்லை. கடிகாரம் ஒன்றுதான் எங்களுக்குப் போட்டி.

புறப்படும் முன்பு எனக்கு ஆலோசனை சொன்னவர்கள் பலர். எல்லாரும் சொன்னது ஒன்றே: "லங்காவி வெயில் பொல்லாதது, புழுக்கமும் அதிகம், தண்ணீரைக் குடித்துக்கொண்டே இரு." நான் சொன்னதைச் செய்கிற ஆள். நீச்சலை முடித்தபின் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குடித்தேன். வழியெல்லாம் தொண்டு செய்யும் பிள்ளைகள் பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கையையும் நான் வெறுமையாக விட்டதில்லை.

ஓட்டத்தில் பாதியைத் தாண்டியபோது தலை வலித்தது, குமட்டியது. "உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது" என்று நானே முடிவு செய்து இன்னும் குடித்தேன். அதற்குப் பின் நடந்தது எனக்கு நினைவில்லை, என் மனைவி சொல்லித்தான் தெரியும். சாலையோரம் நின்ற ஒரு பிள்ளையிடம் போய், "திருச்செந்தூர் பஸ் இங்கே நிற்குமா?" என்று தமிழில் கேட்டேனாம். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போயிருக்கிறது. கூடாரத்திலும் நான் கேட்டது தண்ணீர்தான்.

அங்கே பணியிலிருந்த தாதி ஒருவர் மலேசியத் தமிழ்ப் பெண். அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. என் கையைத் தூக்கிப் பார்த்து, "இந்த மோதிரம் எப்பவும் இப்படித்தான் இறுக்கமா இருக்குமா, அண்ணே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த என் மனைவி, "இல்லம்மா, தளர்வாத்தான் இருக்கும். சோப்புப் போட்டால் கழன்று விழும்" என்றாள். உடனே எடை பார்த்தார்கள். முந்தின நாள் நான் 68 கிலோ, கூடாரத்தில் 70 கிலோ! பதின்மூன்று மணி நேரம் வியர்வை சிந்தியவன் எடை குறைந்திருக்கவேண்டும் அல்லவா? நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன்.

இரத்தத்தைச் சோதித்தார்கள். சோடியம் என்னும் உப்பு 135-லிருந்து 145 வரை இருக்கவேண்டும். எனக்கு 124. உப்பளங்களின் நடுவே பிறந்து வளர்ந்தவனுக்கு இரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது.

பின்பு மருத்துவர் எனக்கு விளக்கிச் சொன்னார். குழம்பில் உப்பைச் சரியாகப் போட்டுவிட்டு, பிறகு இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? அதுதான் எனக்கும் ஆனது. வியர்வையில் கொஞ்சம் உப்பு போனது உண்மை. ஆனாலும் கெடுத்தது நான் குடித்த தண்ணீர். சாதாரண நாளில் மிஞ்சிய நீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நீண்ட நேரம் உடல் பாடுபடும்போது, நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும், வாசல் அடைபட்டுப்போகும். மிஞ்சிய நீர் உயிரணுக்களுக்குள் புகும். விரல் வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். ஆனால் மூளை வீங்கினால் மண்டை ஓட்டுக்குள் அதற்கு இடமில்லை. வலிப்பு வரலாம், மூச்சு நிற்கலாம்.

தண்ணீர் வற்றியவனுக்கும் தண்ணீர் மிஞ்சியவனுக்கும் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இதுதான் இதிலுள்ள ஆபத்து. இரக்கத்தோடு கொடுக்கும் இன்னொரு பாட்டில் தண்ணீரே ஒருவனை முடித்துவிடக்கூடும். எனக்கு 3 சதவீத உப்புக் கரைசலில் 100 மில்லி மட்டும் ஊசி வழியாக ஏற்றினார்கள். மருத்துவமனையில் ஓர் இரவு இருந்து எழுந்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த புதுமையல்ல. தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985-ஆம் ஆண்டிலேயே இதைப்பற்றி எழுதினார். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 2005-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அது அதிகம். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் குடிப்பதற்கு நேரம் நிறைய இருக்கிறது. இந்த ஆபத்து வெற்றி வீரரைவிட என்னைப் போன்ற சாதாரண ஆளையே தேடி வருகிறது.

ஊருக்குத் திரும்பியதும், "இனி வேண்டாம்" என்று வீட்டில் சொன்னார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். பிறகு சகோதரி மடோனா பியூடரைப்பற்றி வாசித்தேன். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. ஓடத் தொடங்கியதே 48-ஆவது வயதில், ஒரு குருவானவர் சொல்லித்தான். 2012-ஆம் ஆண்டு கனடாவில் இதே தூரத்தை 17 மணி நேரத்துக்குள் முடித்தபோது அவருக்கு வயது 82! எனக்கு அப்போது 47-கூட ஆகவில்லை. வெட்கமாயிருந்தது.

என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "ஒவ்வொரு சுற்றிலும் நான் ரோட்டோரமா நிப்பேன். நீங்க மோதிரத்தைச் சுற்றிக் காட்டணும். சுற்றலைன்னா அங்கேயே நிறுத்திடணும், என்னங்க?" சரி என்றேன்.

2019-இல் மறுபடியும் லங்காவிக்குப் போனோம். தாகம் எடுத்தபோது மட்டும் குடித்தேன், தாகம் தீர்ந்ததும் நிறுத்தினேன். நீட்டிய பாட்டில்களை வேண்டாம் என்று சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. கைகூப்பிவிட்டு ஓடினேன். மனைவி நின்ற இடம் வந்தபோதெல்லாம் விரலை நீட்டி மோதிரத்தைச் சுற்றிக் காட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் இது ஏதோ எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்திருப்பார்கள்!

16 மணி 24 நிமிடங்களில் முடித்தேன். அந்தக் கடைசி மணி நேரத்தை நீங்கள் பார்க்கவேண்டும். முதலில் வந்தவரைவிடக் கடைசியில் வருகிறவர்களுக்கே கைதட்டல் அதிகம். எனக்குப் பின்னால் வந்த ஒரு முதியவருக்காக முன்பின் தெரியாத ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நானும் நின்று கத்தினேன்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் வேலை செய்கிறவர்களும் பேதியால் வாடுகிறவர்களும் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. நான் சொல்வது நெடுந்தூர ஓட்டத்துக்கும் நடைப் பயணத்துக்கும் போகிறவர்களுக்கு. அப்படிப்பட்டவர் ஒருவர் சோர்ந்து விழுந்தால், பாட்டிலைத் திறக்குமுன் அவர் விரலைப் பாருங்கள். "எவ்வளவு குடித்தீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சுத் தடுமாறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அன்று அந்தத் தாதி எனக்குத் தண்ணீர் கொடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். அவருடைய பெயரைக் கேட்டுவைக்கவில்லையே என்ற வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.