தொழில் மறந்த உயிரணுக்கள்

நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சுரப்பி மூச்சுக்குழாயைத் தழுவியிருக்கிறது. அதுவே தைராய்டு. உணவில் வரும் அயோடினை ஈர்த்து, உடலின் இயக்கத்தை நடத்தும் சுரப்பு நீரை ஆக்குவது அதன் தொழில்.

இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை மெல்ல வளர்வன; சிகிச்சைக்கும் இணங்குவன. சுரப்பியை அறுத்து நீக்கியபின், தேவைப்படுவோர்க்குக் கதிரியக்க அயோடினைப் புகட்டுகிறார்கள். நோயுற்ற பின்னும் அயோடினை ஈர்க்கும் பழக்கத்தை அவ்வணுக்கள் விடுவதில்லை. அப்பழக்கமே அவற்றுக்கு யமனாகிறது.

நான் சொல்ல வந்ததோ இணங்காத வகையைப் பற்றி. மருத்துவர்கள் அதனை அனாப்ளாஸ்டிக் என்பர். தைராய்டுப் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஒருவர் அல்லது இருவருக்கே, அதுவும் பெரும்பாலும் 60 வயதைக் கடந்தோருக்கே வருவது. இதன் அணுக்கள் தம் குலத்தொழிலை அடியோடு மறந்தவை. அயோடினை ஏற்பதில்லை, பெருகுவதொன்றே அறியும். பாடத்தை மறந்த மாணவனுக்கு மீண்டும் கற்பிக்கலாம். இவற்றுக்குக் கற்பிக்க வழி இல்லை. கண்டறியும்போதே ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவியிருக்கும். எந்நிலையில் கண்டாலும் இதனை நான்காம் கட்டம் என்றே வகுத்திருக்கிறார்கள்.

பல்லாண்டுகளாக அசையாதிருந்த பழைய கழலை, சில வாரங்களில் திடீரென்று பருத்துக் கல்லைப்போல் இறுகும். சுரப்பியின் பின்னே செல்லும் குரல் நரம்பு தாக்குண்டு குரல் கம்மும். விழுங்குவதும், பிறகு மூச்சும் கடினமாகும். குரல் கம்முவதை எம் ஆசிரியர் கூட்டம் தொழிலின் கூலி என்றெண்ணிச் சுக்கும் மிளகும் தின்று காலங்கடத்தும். கழலையும் உடன் வளருமாயின் அவ்வாறு இருத்தல் தகாது. அவ்வாரமே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்டுக்குத் தைராய்டுப் புற்றுநோய் என்ற செய்தி 2004 அக்டோபரில் வெளியாயிற்று. எவ்வகை என்று அறிவிக்கவில்லை. அளித்த சிகிச்சையைக் கொண்டு, இவ்வகையே என்று மருத்துவர் பலர் ஊகித்தனர். மூச்சுக்குத் தொண்டையில் துளையிட்டிருந்த நிலையிலும், 2005 ஜனவரி 20 அன்று கம்மிய குரலில் அதிபர் புஷ்ஷுக்குப் பதவிப் பிரமாணம் செய்வித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 3 அன்று, 80ஆம் வயதில் மறைந்தார்.

முன்பெல்லாம் இந்நோயாளர் பலர் ஆறு திங்களைக் கடந்ததில்லை. 2018இல் டப்ராஃபெனிப், டிராமெடினிப் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்து அளிக்க அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நோயணுவில் பிராஃப் என்னும் மரபணு குறிப்பிட்டவாறு மாறியிருப்போர்க்கே அவை உதவும். அம்மாற்றம் உண்டா எனச் சோதிக்குமாறு குடும்பத்தார் முதல் நாளே கேட்பது நன்று.

இன்னொன்றும் கேட்கவேண்டியதுண்டு, அது நோயாளியிடம். மூச்சு அடைக்குமாயின் தொண்டையில் துளையிடச் சம்மதமா, இறுதி நாட்களை வீட்டில் கழிக்க விருப்பமா என்பனவற்றை, பிள்ளைகள் தமக்குள் முடிவு செய்யாமல், அவருக்குக் குரல் இருக்கும்போதே அவர் வாயாலேயே கேட்டறிந்துவிட வேண்டும்.