விடுவதும் ஒரு கல்வி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பை நாடி, மொழி வேறான இந்நகருக்கு வந்து குடியேறியவர்கள் நாம். நமக்கு இங்கே நிலமோ தோப்போ இல்லை. பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் உடைமை கல்வி ஒன்றே. ஆதலின் நம் காலனியில் தேர்வு என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு; தனி அச்சமும் உண்டு. இப்பொழுது பல இல்லங்களில் பேசப்படுவது, மேலாண்மைப் படிப்புக்குரிய பொது நுழைவுத் தேர்வு. 'கேட்' என்று நம் பிள்ளைகள் அதனைச் சுருக்கி வழங்குவர். பொறியியல் மேற்படிப்புக்குரிய 'கேட்' வேறு, இது வேறு. இதற்கு ஆயத்தமாகும் முறை பற்றியே இன்று சில கூற விழைகிறோம்.

1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. 1973-இல் பெங்களூரிலும், 1984-இல் லக்னோவிலும், 2011-இல் நம் திருச்சிராப்பள்ளியிலும் எனப் பின்னர் அவை பெருகின. இக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இத்தேர்வு, வழக்கமாக நவம்பர்த் திங்களின் இறுதி ஞாயிறன்று நடைபெறும். 2009 முதல் இது கணிப்பொறியிலேயே எழுதப்படுகிறது. இதில் மூன்று பகுதிகள் உண்டு: ஆங்கில மொழித்திறன், தரவு ஆய்வும் தருக்கமும், கணிதம். 2020 முதல் பகுதிக்கு 40 நிமிடம் அளிக்கப்படுகிறது. ஒரு பகுதிக்குரிய நேரத்தை மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ள இயலாது. 2024-ஆம் ஆண்டுத் தேர்வில் முறையே 24, 22, 22 என 68 வினாக்கள் இருந்தன.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அனைத்துக்கும் விடை எழுத வேண்டும் என்று இத்தேர்வை வகுத்தோர் எதிர்பார்க்கவில்லை. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியளவே பெற்று உச்சியை எட்டியவர் பலர். இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே நிற்கிறது. "ஒரு கேள்வியையும் விடாதே" என்று சொல்லித்தானே நாம் பிள்ளைகளைப் பள்ளித் தேர்வுக்கு அனுப்பினோம்? பதினைந்து ஆண்டுகள் அவ்வாறு பழகிய பிள்ளை, தெரியாத கணக்கோடு எட்டு நிமிடம் மல்லாடுகிறான். அடுத்துக் காத்திருந்த எளிய கணக்குகள் மூன்றினைப் பார்க்காமலே எழுந்து வருகிறான். அவனிடம் அறிவு குறைவில்லை. விடத்தக்கதை விட அவனுக்கு நாம் கற்பிக்கவில்லை.

மதிப்பெண் முறையும் இதனையே வலியுறுத்துகிறது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் விடை தவறினால் 1 மதிப்பெண் கழிவு. அத்தகைய நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். வரவு மூன்று, கழிவு மூன்று, எஞ்சுவது சுழி. செலவான காலமே நட்டம். நான்கில் இரண்டு விடைகள் பொருந்தா என்று உறுதியாகத் தெரிந்தால் துணிவதில் பயன் உண்டு. விடையைத் தாமே தட்டச்சு செய்யும் வினாக்களில் கழிவு இல்லை, அங்கே துணியலாம்.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதலையும், அதனை அடுத்துக் காலமறிதலையும் வைத்தார். அவ்வரிசை இவ்விளைஞர்களுக்கும் ஏற்றதே. முதலில் தம் வலிமையை அறிய வேண்டும். கணிதப் பகுதி பெரும்பாலும் பள்ளிக் கணிதமே: விகிதம், சதவீதம், வேலையும் காலமும், இயற்கணிதம், வடிவியல் ஆகியன. அடிப்படையை மூன்று திங்களில் உறுதிசெய்யலாம். ஆங்கிலப் பகுதியோ மூன்று திங்களில் வசப்படாது. வரலாறு, மெய்யியல், உயிரியல், பொருளியல் எனப் பல துறைக் கட்டுரைகளைப் படித்து, ஆசிரியர் கூறியது எது, கூறாதது எது எனப் பிரித்தறிய வேண்டும். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள் மூன்று மொழியிலும் பேசுவர். ஒரு மொழியிலேனும் நீண்ட கட்டுரையை எழாமல் படித்து முடிப்போர் சிலரே. ஓராண்டுக்கு முன்பிருந்தே நாள்தோறும் ஒரு மணி நேரம் படித்துவருவதே இதற்கு வழி.

அடுத்து, மாதிரித் தேர்வு. அதனை எழுதுவது பாதி வேலை. திருத்திப் பார்ப்பதே மறுபாதி. ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வகுத்துக்கொள்க: தெரியாமல் தவறியவை, தெரிந்தும் கவனமின்றித் தவறியவை, விட்டிருக்க வேண்டியவை. இம்மூன்றாம் பத்தி வாரந்தோறும் சுருங்கிவருமாயின் ஆயத்தம் நன்கு நடைபெறுகிறது என்று கொள்ளலாம்.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். முடிவில் வருவது மதிப்பெண் அன்று, 'பெர்சன்டைல்' என்னும் நூற்றுமானம். நூறு பேரில் எத்தனை பேருக்கு மேலே நின்றான் என்பதன் அளவு. 2024-இல் இத்தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 2.93 லட்சம். அதில் 98 பெற்ற பிள்ளைக்கு முன்னால் ஏறத்தாழ 5,900 பேர் நின்றனர், பின்னால் 2.87 லட்சம் பேர் நின்றனர். இந்த 98-ஐக் கையில் ஏந்தி வரும் பிள்ளை, தான் விரும்பிய கழகத்தில் இடம் பெறாமற் போகலாம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களும், நேர்முகத் தேர்வும் சேர்த்தே முடிவு செய்யப்படுகிறது. அப்பொழுது "அடுத்த வீட்டுப் பையன் எத்தனை?" என்று நாம் கேட்போமாயின், 2.87 லட்சம் பேரை முந்தியவனைத் தோற்றவனாக்கியவர் நாமே ஆவோம். வினாத்தாளில் விடத்தக்கதை விடுமாறு அவனுக்குச் சொல்லும் நாம், இக்கேள்வியை விடப் பழகவேண்டாமா?

நவராத்திரியும் தீபாவளியும் மாதிரித் தேர்வுகள் மிகும் காலத்திலேயே வருகின்றன. கொலுவுக்கு வருவோர் முன்னிலையில் பிள்ளையை அழைத்து நிறுத்தி, "படிப்பு எப்படிப் போகிறது?" என்று வினவாதிருப்பது, விலையுயர்ந்த பயிற்சி வகுப்பினும் பெரிய உதவி. ஈராண்டுப் படிப்புக்கான கட்டணம் 20 லட்சத்தைக் கடக்கும் கழகங்களும் உள்ளன. அக்கடன் பிள்ளையின் தலையில் விழுவது. ஆதலின் இப்படிப்பு அவனுக்குத் தேவைதானா, இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுச் செல்லலாமா என்பதையும் அவனோடு அமர்ந்து பேசுவது நம் கடமை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். இரண்டு அறை வீட்டில் தொலைக்காட்சியும் விருந்தினரும் இடையறாதபோது, இரண்டு மணி நேர அமைதி கிடைத்தற்கு அரியது. ஞாயிறு காலை 9 மணி முதல் 12 மணி வரை நம் நூலக அறையை இப்பிள்ளைகளுக்கென ஒதுக்குவோம். ஆங்கில நாளிதழ் இரண்டும், தமிழ்த் திங்களிதழ் ஒன்றும் அங்கே இருக்கட்டும். சுவரில் ஒரு கடிகாரம் வேண்டும். பெரியவர்களின் சீட்டாட்டத்தை அன்று மட்டும் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்வோம்.