தேங்காய் ஊரில் ஒரு கனோலாப் போத்தல்



மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிற வீதியில், வாழைச்சேனை தாண்டி வாகரைக்குப் போகும் வழியில் இருக்கிறது மாங்கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் தென்னை. அங்கே ஒரு வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 58. கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது, தேங்காய் எண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் தங்கை தொலைபேசியில், "அக்கா, நாங்க இஞ்ச கனோலாதான் பாவிக்கிற, நீங்களும் அதையே வாங்குங்க" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ கைபேசிக்கு வந்த ஒரு வீடியோவைக் காட்டி, "அது மெசினுக்கு விடுற எண்ணெய், தொடாதீங்க" என்கிறார். அம்மா யார் சொல்லைக் கேட்பது?

முதலில் அந்த மெசின் கதையைப் பார்ப்போம். அதில் ஒரு பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கனோலாவின் தாய்ச்செடி ரேப்சீட் எனப்படுவது. நாம் சொதிக்குத் தாளிக்கும் கடுகின் நெருங்கிய உறவு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் எண்ணெய் கப்பல்களின் நீராவி இயந்திரங்களுக்கு மசகாகப் போனது; அதற்காகவே கனடாவில் அதைப் பெருமளவில் பயிரிட்டார்கள். அந்த எண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுதி. சில விதைகளில் பாதிக்குக் கிட்ட வரும். அதை ஊட்டிய எலிகளின் இதயத் தசையில் கெடுதல் தெரிந்தது. ஆகவே கனடாவின் தாவர விஞ்ஞானிகளான போல்டர் ஸ்டெஃபான்சனும் கீத் டவுனியும், அந்த அமிலம் குறைந்த செடிகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று கலந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். 1974இல் அப்படியான ஓர் இனம் வெளிவந்தது. 1978இல் அதற்குக் கனோலா என்று பெயர் வைத்தார்கள். இன்று கனோலா என்ற பெயரில் விற்க வேண்டுமானால் எண்ணெயில் எரூசிக் அமிலம் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பேய்ப்புடலும் நாம் கறி சமைக்கிற புடலங்காயும் ஓரினம்தான். பேய்ப்புடல் கசக்கிறது என்பதற்காகத் தோட்டத்துப் புடலை நாம் எறிந்துவிடுவதில்லையே.

1981இல் ஸ்பெயினில் ரேப்சீட் எண்ணெயால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றதும், பல நூறு பேர் இறந்ததும் உண்மை. ஆனால் அது தொழிற்சாலைத் தேவைக்கென்று வேறு இரசாயனம் சேர்க்கப்பட்டிருந்த எண்ணெய். அதைச் சமையல் எண்ணெய் என்று ஏமாற்றி விற்றார்கள். அந்தப் பழியைச் செடியின் மேல் போடக் கூடாது. இன்று கனடாவில் விளையும் கனோலாவில் பெரும்பகுதி மரபணு மாற்றிய பயிர். அதை விரும்பாதவர்கள் தவிர்க்கலாம், அது அவரவர் உரிமை. ஆனாலும் சுத்திகரித்த எண்ணெயில் எஞ்சுவது ஏறத்தாழக் கொழுப்பு மட்டுமே.

இனி, கிளினிக் சொன்ன விடயம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 11 கிராம். அதே அளவு கனோலாவில் 1 கிராம். நாளுக்கு 2000 கலோரி உண்பவர், நிறைவுற்ற கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. 2020இல், 16 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கனோலா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களை விடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலை ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்குக் கூட்டுவது தெரிந்தது. நல்ல கொலஸ்ட்ரோலும் கூடியது, ஆனால் 4 மில்லிகிராம்தான்.

"அப்படியென்றால் நம் பாட்டன், பூட்டன் எப்படி இருந்தார்கள்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பசிபிக் கடலில் தொக்கெலாவ் என்று சில சிறு தீவுகள். அந்த மக்கள் நம்மை விடவும் தேங்காயிலேயே வாழ்ந்தவர்கள். அவர்களிடம் இதய நோய் அரிதாகவே இருந்தது. தேங்காயோடு அவர்கள் உண்டது மீனும் கிழங்கும் ஈரப்பலாவும். சீனி குறைவு, உடலுழைப்பு அதிகம். அதே மக்கள் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தபோது தேங்காய் குறைந்தது. சீனியும் இறைச்சியும் உடற்பருமனும் கூடின, இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளும் கூடின. மாங்கேணியில் விடியமுன் தோணி தள்ளிக் களப்புக்குப் போன பாட்டனுக்கும், மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய்ச் சீனித் தேநீரும் ரோல்ஸும் சாப்பிடுகிற பேரனுக்கும் ஒரே தேங்காய் ஒரே மாதிரி வேலை செய்யாது.

எண்ணெயை மட்டும் மாற்றினால் போதுமா என்பதற்குப் பிரான்சின் லியோன் நகரத்தில் நடந்த ஒரு ஆய்வு நல்ல பதில் வைத்திருக்கிறது. முதல் மாரடைப்பிலிருந்து தப்பிய சுமார் 600 பேரில் ஒரு பாதியினருக்குக் கனோலாவால் செய்த மாஜரினைக் கொடுத்தார்கள். அவர்களிடையே மறுபடி மாரடைப்பு வருவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் மரக்கறியும் பழமும் மீனும் கூட்டி, இறைச்சியைக் குறைத்தும் இருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டே மாறியிருந்தது.

கனோலாப் போத்தலில் ஒமேகா-3 என்று பெரிதாக எழுதியிருக்கும். இருக்கிறது, சுமார் 9 சதவீதம். ஆனால் அது செடிவழி வரும் வகை. நம் உடல் அதில் சிறு பங்கையே இதயத்துக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த வடிவத்தை நேராகவே கொண்டிருப்பவை சாளையும் சூடையும். நம் கரைக்கு வரும் மலிவான மீன்கள். அவற்றைப் பொரிக்காமல் குழம்பாக்கிச் சாப்பிட்டால், கடல்கடந்து வரும் போத்தலில் தேடுவதை நம் கடலே தந்துவிடும்.

இன்னொன்று. ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிப்பதைக் கனோலா தாங்காது. இந்த விடயத்தில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் உறுதி அதிகம். விலை கொடுத்து வாங்கிய எண்ணெயாயிற்றே என்று மூன்று நாள் வடை சுட்டால், மாற்றியதன் பயனே போய்விடும். போத்தலை அடுப்பருகே வெக்கையில் வைக்காமல், இருட்டான இடத்தில் இறுக மூடி வையுங்கள்.

நம்ம ஊர் எண்ணெய் என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. 2021இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. கடைத் தேங்காய் எண்ணெய் எல்லாம் நம் மரத்தில் காய்த்ததல்ல. சொந்தத் தேங்காயை நன்றாகக் காயவைத்து, தெரிந்த இடத்தில் ஆட்டி எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு.

ஆகவே, அந்த அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். கனோலா நஞ்சு அல்ல, நல்ல எண்ணெய். கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது, காசும் கட்டுப்படியாகிறது என்றால், தாளிக்கவும் வதக்கவும் அதை வாங்குங்கள். கட்டுப்படியாகாவிட்டால் கவலை வேண்டாம். இருக்கிற தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. கறிக்கு விடும் பாலையும் கணக்கில் எடுங்கள்: கால் கிலோ தேங்காய்ப்பூவில் 80 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது, பிழியும்போது அதில் பெரும்பங்கு பாலோடுதான் வருகிறது. போத்தலை மாற்றிவிட்டு முதற்பாலை அப்படியே விட்டால் கிளினிக் அறிக்கை பெரிதாக மாறாது. கிளினிக்கில் மருந்து தந்திருந்தால், அதை உங்கள் எண்ணத்துக்கு நிறுத்தவும் வேண்டாம்.

இன்று உங்கள் வீட்டுத் தாச்சியில் நேற்றுப் பொரித்த எண்ணெய் கறுத்துக் கிடந்தால், தயவுசெய்து அதை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்.