விழப்போகும் பல்தானே என்று விடலாமா?

(மாதேஸ்வரன் மலையில் அங்கன்வாடி ஊழியர்களும் தாய்மார்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. எல்லைகள் மாறினாலும் கன்னடமும் தமிழும் இங்கு அருகருகே வழங்கி வருகின்றன. இரு மொழியினரிடையேயும் ஒரே பேச்சைக் கேட்கிறேன்: "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்." இன்று நான் வாதிட வந்திருப்பது அந்தப் பேச்சோடுதான்.

பால் பற்கள் 20. கரு நான்கு மாதம் வளரும்போதே அவை தாடைக்குள் இறுகத் தொடங்குகின்றன. பிறந்து ஆறு மாத அளவில் கீழ் முன்பற்கள் வெளிவரும். மூன்று வயதுக்குள் இருபதும் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மையே. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியவை. பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு அவையே இடம் காத்துத் தருகின்றன. முன்னதாகப் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சரிந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். பல் வலிக்கும் குழந்தை உண்ணாது, உறங்காது. எடை குறைந்த குழந்தையைக் கண்டால் என்ன உணவு கொடுத்தீர்கள் என்று கேட்கிறோம். வாயைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

சொத்தை உண்டாகும் விதம் எளிமையானது. பல்லின்மேல் படியும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. விழித்திருக்கும்போது உமிழ்நீர் அதைக் கழுவிவிடும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவு. சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் முதலில் கெடுவதும், நாக்கு மறைத்து நிற்கும் கீழ் முன்பற்கள் தப்புவதும் இதனாலேயே. தாய்ப்பாலைத் தயங்காமல் கொடுங்கள். புட்டியும், பாலில் சர்க்கரையும் வேண்டாம். அழுகையை அடக்க விரலில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம், காட்டுத் தேன் எளிதில் கிடைக்கும் இப்பகுதியில், பெருமையாகவே கருதப்படுகிறது. தேன் எவ்வளவு தூயதாயினும் பல்லுக்குச் சர்க்கரையே. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதனால் கடும் நச்சு நோய் வரவும் கூடும். எனவே அறவே கூடாது.

இச்சொத்தை கருப்பாகத் தொடங்குவதில்லை. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்கோடு தெரியும். அந்நிலையில் சர்க்கரையை நிறுத்தி, ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்கி வந்தால் நோயைத் தடுத்து நிறுத்த இயலும். பழுப்பேறிக் குழி விழுந்தபின் அது மருத்துவர் வேலை.

இங்குதான் நம் ஏற்பாட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, கர்நாடகத்தில் மைசூர் மாவட்டத்து டி. நரசிபுரம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அன்று முதல் எடை பார்க்கிறோம், தடுப்பூசி போடுகிறோம். ஆயினும் குழந்தை மூன்று வயதில் மையத்துக்கு வந்து அமர்ந்த பின்னரே பல்லைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குள் வெண்கோடு குழியாகியிருக்கும். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கும், பின்னர் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊசிக்கும் தாய் குழந்தையைத் தூக்கி வருகிறாள். அன்று உதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். இதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. சன்னல் வெளிச்சமே போதுமானது.

பல் முளைக்குமுன் ஈரத்துணியால் ஈறைத் துடைத்து வாருங்கள். முதற்பல் வந்தவுடன் மென்மையான சிறு பிரஷ், அதில் அரிசி மணியளவு பசை, நாளுக்கு இருமுறை. மூன்று வயதுக்குமேல் பட்டாணி அளவு பசை. இரவில் துலக்குவதைத் தவறவிடக் கூடாது. கரித்தூளும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும். பல் முளைக்கையில் ஈறு தடித்து எச்சில் ஒழுகுவது இயல்பு. வயிற்றுப்போக்கையும் கடுங்காய்ச்சலையும் "பல் முளைக்கிறது" என்று ஒதுக்கி விடாதீர்கள். இவ்வாறு காத்திருந்து நீர்வற்றிய குழந்தைகள் உண்டு. ஈறைக் கீறிவிடும் வைத்தியமும் வேண்டாம்.

பாலாறு, மேட்டூர் வழியாக அமாவாசைதோறும் இங்கு வரும் குடும்பங்களிலும் தருமபுரி, சேலம் பக்கத்தவர் பலர். சிலருடைய பற்களில் பழுப்புப் பட்டைகளைக் காணலாம். துலக்காத குற்றமன்று அது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததன் விளைவு. நிலையான முன்பற்களின் மேற்பூச்சு பிறந்த சில மாதங்களிலேயே தாடைக்குள் உருவாகத் தொடங்குவதால், பிஞ்சு வயதில் குடிக்கும் நீர் பின்னாளைய பல்லில் எழுதிவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமே உச்ச வரம்பு. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு கூடும். தாய் அந்நீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சிறிதளவே சேரும். தாய்ப்பாலுக்கு இப்படியும் ஒரு சிறப்பு! ஆற்றுநீரை வழங்க 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இக்குறையைக் கருதியே எழுந்தது. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்திருக்கிறார்களா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள்.

குழி விழுந்த பல்லுக்கும் வழி உண்டு. பல்லைக் குடையாமல், தடவியே சொத்தையை நிறுத்தும் வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கருத்துவிடும் என்பதைத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் மையத்துக்கு வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டியவற்றுள் பல் நோயும் அடங்கும். குழு வரும் நாளில், வெண்கோடு கண்ட குழந்தைகளின் பெயர்களை எழுதி முதலிலேயே கையில் கொடுங்கள்.